மறைத்தது நான்தான், அழிக்கவில்லை

கம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எதையோ தொலைத்துவிட்டு வருவார்கள். மற்றப் பாதிப்பேர் எதையாவது தொலைத்துவிடச் சொல்லி வருவார்கள். சண்டிலிப்பாய்ச் சந்தியில் எனக்கு அப்படியொரு கடை. முன்பாதியில் சிவநேசன் அண்ணை போட்டோக் கொப்பி எடுப்பார், செத்தவீட்டு நினைவுப் புத்தகமான கல்வெட்டு அச்சடிப்பார். பின்பாதியில் நான் ஒரு மேசையும் திருப்புளியுமாக இருப்பேன். உங்கள் குடும்பத்திலும் ‘கம்பியூட்டர் தெரிந்த பிள்ளை’ நீங்கள்தான் என்றால், நான் சொல்லப்போவது உங்களுக்கு நன்றாகவே புரியும். கலியாண வீட்டுப் பந்தியில் சோற்றில் கை வைத்திருக்கும்போதே உங்களிடமும் யாராவது குனிந்து, “இடப்பக்கத்திலை ஏதோ நாலைஞ்சு போல்டர் கிடக்கு, அதை ஒருக்கா இல்லாமல் செய்யேலாதோ?” என்று கேட்டிருப்பார்கள்.

அந்த நாலைந்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்புகளைப் பார்க்கிற பெட்டியைத் திறந்தால் இடப்பக்கத்தில் டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் என்று வரிசையாக நிற்குமே, அவைதான் லைப்ரரிகள். நாங்கள் கேட்காமலே கம்பியூட்டர் வைத்துத் தருவது. பலருக்கு அது இடைஞ்சல். உண்மையில் அவை வெறும் பெயர்ப்பலகைகள். வேறு இடங்களில் கிடக்கிற கோப்புகளை ஒரே இடத்தில் காட்டும். பலகையைக் கண்ணில் படாமல் மறைத்தால் உள்ளே ஒன்றும் போகாது. ஆனால் பலகை வழியாக உள்ளே போய் அழித்தால், அழிந்ததுதான். இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் எத்தனை பேருடைய உயிர் போய் வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

‘வேண்டாம்’ என்ற போல்டர்

நவரத்தினம் சேர் புத்தூர்க்காரர். எங்கள் சந்திக்குப் பக்கத்து ரியூசன் கொட்டிலில் இரசாயனவியல் படிப்பிக்கிறவர். லப்ரொப்பைப் பெரிய திரையில் காட்டித்தான் பாடம். ஒரு நாள் பின்னேரம் மூன்றரைக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தார். நாலு மணிக்கு வகுப்பு. “பிள்ளை, நான் பாடத்தைத் திறக்கேக்கை இடப்பக்கத்திலை பிக்சர்ஸ் எண்டு ஒண்டு விரிஞ்சு நிக்குது. அது பெடியளுக்குத் தெரியக்கூடாது” என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு அதைத் திறந்து காட்டினார். மகள் கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வந்த படங்களை வகைப்படுத்தி வைத்திருக்கிறார், படிப்பிக்கிற மனிதர் அல்லவா! ‘கோமதி – பாக்கலாம்’ என்று ஒரு போல்டர், ‘கோமதி – வேண்டாம்’ என்று இன்னொன்று. ‘வேண்டாம்’ தான் நிரம்பி வழிந்தது. வந்த படங்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்து ஆட்கள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள்தான் வகுப்பிலும் இருக்கிறார்கள்.

ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு பலகையையும் சுட்டியின் வலப்பக்கத்தால் தட்டி, ‘இடப்பக்கத்தில் காட்டாதே’ என்று கொடுத்தேன். இடப்பக்கம் துடைத்தது போல் ஆயிற்று. சேர் போனார். நாலு மணி பத்து நிமிடத்துக்குப் போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. “பிள்ளை, இடப்பக்கத்திலை இல்லாமல் போட்டுது. ஆனா இப்ப நடுவிலை வந்து நிக்குது.” எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் வைத்து அவர் அந்தப் போல்டரை எனக்குத் திறந்து காட்டினார் அல்லவா, அதனால் ‘கடைசியாகத் திறந்தவை’ என்ற பட்டியலின் உச்சியில் அது ஏறி நிற்கிறது! “ஒண்டையும் தட்டாதேங்கோ சேர், வாறன்” என்று செருப்பையும் மாட்டாமல் ஓடினேன்.

எண்பது பிள்ளைகள். திரையில் வீட்டுக் கதவளவு எழுத்தில் ‘கோமதி – வேண்டாம்’. சேர் திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அந்த எழுத்து அவருடைய வெள்ளைச் சேட்டில் விழுந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. நான் ஒருவரையும் பார்க்காமல் போய் வயரைப் பிடுங்கினேன். பட்டியலைத் துடைத்தேன், வயரைத் திரும்பச் செருகினேன், வந்துவிட்டேன். ஒன்றும் நடக்காது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் சேர் கடை வாசலில் நின்று சொன்னார்: “நான் அணுவைப் பற்றித் தொடங்க, பின்வரிசை வாங்கிலை இருந்த ஒரு பெட்டை எழும்பிக் கேக்கிறாள் பிள்ளை, ‘சேர், அந்த வேண்டாம் எண்டதுக்குள்ளைதானே எங்கடை பெரியண்ணாவும் இருக்கிறார்?’ எண்டு.”

லண்டனிலிருந்து வந்த வைத்தியம்

கனகசபை ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். தன் கம்பியூட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி ஓட்டோவில் வந்து இறங்கினார். லண்டனில் இருக்கிற மருமகன் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல, அந்த இடப்பக்கப் போல்டர்களை ‘வேரோடு’ எடுக்கப் பார்த்திருக்கிறார். பலகையை மறைக்கிற வழியை விட்டுவிட்டு, கம்பியூட்டர் தன்னைப்பற்றித் தானே எழுதி வைத்திருக்கிற உள்பதிவுக்குள் இறங்கி, ஒரு வரியை அழிக்கப்போய் அதற்கு மேற்கிளையையே அழித்துவிட்டார். திரை கறுத்துப்போய்விட்டது. மருமகனோ இன்னும் போனில் நிற்கிறார். ஐயா போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். “அக்கா, அதை விட்டிட்டு மற்றதை அமத்துங்கோ” என்று லண்டன் சொல்லுகிறது. நான் ஒன்றை அழுத்தினால் “ஐயோ, அதில்லை” என்கிறது. ஒரு கட்டத்தில் எது எந்த விசை என்றே எனக்குக் குழம்பிவிட்டது. உங்களுக்குத் தெரியாததா, தெரிந்த வேலையைக்கூட ஒருவர் தோளுக்கு மேலால் பார்த்தால் செய்ய வராது. “ஐயா, இஞ்சை சிக்னல் சரியில்லை” என்று போனை வாங்கி, மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடினேன். பிறகு ஒரு கிழமைக்கு முந்தைய நிலைக்குக் கம்பியூட்டரைத் திருப்பிக் கொண்டுபோனேன். இருபது நிமிடம் வெறும் வட்டம் சுற்றியது. ஐயா அந்த வட்டத்தையே பார்த்தபடி நின்றார். கடைசியில் அவருடைய பேத்தியின் படம் திரையில் தெளிந்தது. மூச்சை விட்டார். லாச்சிக்குள்ளிருந்து “ஹலோ, ஹலோ” என்று இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஐயா என் காதுக்குள் சொன்னார்: “திருத்திப்போட்டன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை, பிறகு சந்தோசத்திலை இன்னொண்டு சொல்லித் தருவான்.”

ஓமோ, இல்லையோ?

இது என்னுடைய வாயால் வந்த வினை. கரையோரத்துத் தேவாலயப் பங்கு ஒன்றின் அலுவலகத்தில் றீற்றா அக்கா எழுத்துவேலை பார்க்கிறா. ஒரு நாள் போனில் அதே கேள்வி: “இடப்பக்கத்துப் போல்டருகளை என்ன செய்யிறது?” நான் யாருடைய பிரிண்டரையோ கழற்றிக்கொண்டிருந்த அவசரத்தில், “வலப்பக்கத்தாலை தட்டி எடுத்துவிடுங்கோ அக்கா, உள்ளுக்கிருக்கிறது ஒண்டும் போகாது” என்று சொல்லிவிட்டேன். ‘மறையுங்கோ’ என்று சொல்லியிருக்கவேணும். ‘எடுத்துவிடுங்கோ’ என்றுதான் வாயில் வந்தது. அரைமணித்தியாலத்தில் திரும்ப அழைப்பு. “பிள்ளை, ஞானஸ்நானப் புத்தகமெல்லாம் அழிஞ்சு போட்டுது.” அக்கா பலகையைத் தட்டவில்லை. பலகைக்குள்ளே போய், அங்கே இருந்த போல்டரைத் தட்டி அழித்திருக்கிறா. யுத்த இடப்பெயர்வு வருஷத்துப் பதிவுப்புத்தகம் மழையில் நனைந்து, பிறகு கறையானும் தின்று, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்ததாம்; புரட்டித் தேடினால் தேடுகிற பக்கமே தூளாகிவிடும். போன வருஷம்தான் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அந்தப் போல்டரில் போட்டிருந்தார்கள். அது கம்பியூட்டரின் குப்பைக்கூடைக்குள் அடங்காத அளவு பெரிது, ஒரேயடியாக அழிந்துவிட்டது.

“அக்கா, ஒண்டும் தொடாதேங்கோ. ஒரு எழுத்தும் அடிக்கக்கூடாது. பிளக்கைக் கழட்டுங்கோ, இப்பவே” என்று கத்தினேன். அழிந்த கோப்பு உடனே இல்லாமல் போவதில்லை. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை டிஸ்கில் கிடக்கும். அதுதான் ஒரே நம்பிக்கை. ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்தில் றீற்றா அக்காவோடு இன்னொருவரும் நின்றார். செபஸ்தியான் என்ற மீன்பிடிக்காரர். கடலால் வந்த கையோடு வந்திருந்தார். சனிக்கிழமை மகளுக்கு வேறொரு பங்கில் கலியாணம். மகளின் ஞானஸ்நானச் சாட்சிக் கடிதம் அன்று பின்னேரத்துக்குள் அங்கே போய்ச் சேரவேணும். மகள் பிறந்தது இடப்பெயர்வு வருஷம். அழிந்தது அதே புத்தகம்.

டிஸ்கைக் கழற்றி என் லப்ரொப்பில் மாட்டி, அழிந்ததைத் தேடுகிற வேலையைத் தொடக்கினேன். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. செபஸ்தியான் அண்ணை கதிரையில் இருக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். படங்கள் வரத்தொடங்கின, ஆனால் பெயர்கள் அழிந்து வெறும் இலக்கங்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. பாதி திறந்து பாதி சாம்பல் நிறமாக நின்ற பக்கங்களும் இருந்தன. ஒவ்வொரு சாம்பல் பக்கத்துக்கும் றீற்றா அக்கா மார்பில் சிலுவை போட்டா. மூன்றே முக்காலுக்கு ஒரு பக்கம் திறந்தது. நான் பெயரை வாசிக்க முன் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு திரையைத் தொட்டது. “இது எங்கடை அப்பாவின்ரை கையெழுத்து. அவர்தான் ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நிண்ட பிள்ளையின்ரை ஞானத் தேப்பன்” என்றார் செபஸ்தியான் அண்ணை. பிள்ளையின் பெயர் அதற்கு மேலேயே இருந்தது. கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தகத்தில் பதினொரு பக்கங்கள் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவற்றை மட்டும் உதிர்கிற புத்தகத்திலிருந்து, ஒவ்வொரு தாளாக மெல்லப் பிரித்து, மறுபடி படமெடுத்தோம். எல்லாம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, “அழிக்கட்டோ எண்டு அது உங்களைக் கேட்டிருக்குமே அக்கா, ஏன் ஓம் எண்டு குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன். றீற்றா அக்கா கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா: “அது மரியாதையாத்தான் கேட்டது பிள்ளை, மரியாதையாக் கேட்டா நான் ஒருத்தருக்கும் இல்லை எண்டு சொல்லிப் பழக்கமில்லை.”

தெரியக்கூடாது, இருக்கோணும்

சாந்தினி காங்கேசன்துறைப் பக்கத்துப் பெண். பள்ளிக்கூடங்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுக்கிறவர். கணவர் கடல்தொழிலுக்குப் போன படகு இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பி வரவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. வினாத்தாளில் ஒரு படம் சேர்க்க வேண்டுமென்றால் கம்பியூட்டர் நேரே பிக்சர்ஸுக்குத்தான் கொண்டுபோகும். அங்கே அவருடைய படங்கள். ஒரு தவளையின் படமோ ஒரு முக்கோணமோ சேர்க்கிறதுக்கு ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைக் கடந்து போகவேணும். “அக்கா, எனக்கு அது தெரியக்கூடாது. ஆனா இருக்கோணும்” என்றார். படங்களைத் தனியிடத்துக்கு மாற்றி மறைத்து, பிக்சர்ஸ் பலகையையும் மறைத்துவிட்டேன். எங்கே இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் துண்டை அவர் வாங்கவில்லை. “உங்களிட்டையே இருக்கட்டும். ஆர் கேட்டாலும் சொல்லாதேங்கோ” என்றார்.

ஒரு மாதம் கழித்து அவருடைய கணவரின் தம்பி ரூபன் கடைக்கு வந்தார். முதலில் முன்பக்கம் சிவநேசன் அண்ணையிடம்தான் பேசினார். அண்ணன் இனி வரமாட்டார் என்று அந்தியேட்டிச் சடங்கு செய்து கல்வெட்டு அடிக்க வீட்டில் முடிவெடுத்துவிட்டார்களாம், படம் வேணும். பிறகு பின்னுக்கு வந்து சாந்தினியின் கம்பியூட்டரை என் மேசையில் வைத்தார். “அண்ணி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டா. ஒரு படம் இல்லை. எங்கடை அண்ணையை உந்த வீட்டிலை இருந்து துடைச்சு எடுத்துப்போட்டா. நீங்கள்தான் செய்து குடுத்தனீங்களாம், ஓமோ?” குரல் உயர்ந்தது. ரோட்டால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அழிக்கவில்லை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் அவர் அடங்கிவிடுவார். ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். “அவவைக் கேட்டுத்தான் நான் கதைப்பன்” என்று மட்டும் சொன்னேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். சிவநேசன் அண்ணை மெல்ல வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்துகொண்டார். நான் சாந்தினிக்குப் போன் எடுத்தேன். அவர் பஸ்ஸில் வந்து சேர முக்கால் மணித்தியாலம்.

சாந்தினி வந்தார். ரூபனைப் பார்த்தார், கம்பியூட்டரைப் பார்த்தார். “அவருக்குத் திறந்து காட்டுங்கோ அக்கா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திறந்தேன். அறுநூற்றுச் சொச்சம் படங்கள். படகு வெள்ளோட்டம் விட்ட அன்றைய படம், ரூபனை அண்ணன் தோளில் தூக்கி வைத்திருக்கிற பழைய படம், எல்லாம் ஒன்றும் குறையாமல் இருந்தன. ரூபன் நாலைந்துதான் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மூடுங்கோ அக்கா” என்றார். கல்வெட்டு அன்றைக்கு அச்சாகவில்லை. அதற்குப் பிறகும் இதுவரை அச்சாகவில்லை. கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு ரூபன்தான் அண்ணியோடு பஸ் ஏறப் போனார். வாசலில் வைத்து, “ஏன் எங்களுக்கொரு வார்த்தை சொல்லேல்லை?” என்று கேட்டார். சாந்தினி சொன்ன பதில் எனக்குக் கேட்டது: “நான் அழிக்கேல்லைத் தம்பி, பாக்கிற நாள் எனக்கு இன்னும் வரேல்லை.”

பழைய இரும்போடு போனது

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது; ஏனென்றால் இதில் பிழை முழுக்க என்னுடையது. குணம் அண்ணை ஓட்டோ ஓடுகிறவர். அவருடைய கம்பியூட்டருக்குள் இரண்டு டிஸ்க்குகள். பழையது ‘டக், டக்’ என்று சத்தம் போடத் தொடங்கியிருந்தது. “உதுக்குள்ளை என்ன இருக்கு?” என்று கேட்டேன். “பெடியன்ரை பழைய விளையாட்டுகள்தான். கழட்டி எறி பிள்ளை” என்றார். திறந்து மேலோட்டமாகப் பார்த்தேன். விளையாட்டுகள்தான் தெரிந்தன. கழற்றி, ‘சத்தம்’ என்று எழுதி ஒட்டி, கழிவுப்பெட்டிக்குள் போட்டேன். அதே கையோடு, அவர் கேட்டபடி, இடப்பக்கத்து லைப்ரரிகளையும் மறைத்துவிட்டேன். டொக்கியுமென்ட்ஸ் பலகை எந்த டிஸ்கைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. பலகை கண்ணில் பட்டிருந்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் அன்றைக்கே கண்டிருப்பார். அதையும் நான் மறைத்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்துக் காலை எட்டேகாலுக்குப் போன். காங்கேசன்துறையில் அவர்களுடைய காணி முப்பது வருஷத்துக்கு மேல் ஆமியின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்தது. அந்த வரிசையில் சில காணிகளை இப்போது விடுவிக்கிறார்கள். பத்தரைக்கு அளக்க வருகிறார்கள். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியோடு நிற்கவேணும். மூல உறுதி இடப்பெயர்வில் போய்விட்டது. ஒரு பிரதி கனடாவில் அக்காவிடம் இருந்து, அவ அதை ஸ்கான் செய்து அனுப்பியிருந்தா. அந்த அக்காவும் செத்து மூன்று வருஷம். “டொக்கியுமென்ட்ஸிலை ‘காணி’ எண்டு கிடந்தது பிள்ளை. பலகை இல்லாட்டியும் இருக்கும் எண்டு நீதானே சொன்னனீ. எங்கை?” கழிவுப்பெட்டியைப் பார்த்தேன். பெட்டியே இல்லை. சிவநேசன் அண்ணை மெதுவாகச் சொன்னார், “அது நேற்றுப் பின்னேரம் பழைய இரும்புக்காரர் வந்து கொண்டுபோயிட்டார்.”

இரும்புக்காரரின் இடம் சுன்னாகத்துக்குப் பக்கத்தில். நான் போய்ச் சேர ஒன்பது மணி. ஒருவர் சாக்கில் குந்தியிருந்து, டிஸ்க்குகளைச் சுத்தியலால் உடைத்து அலுமினியத்தை வேறாக்கிக்கொண்டிருந்தார். உடைந்தவை ஒரு குவியல், உடையாதவை ஒரு வரிசை. அவருடைய கையில் ஒன்று. “ஐயா, நில்லுங்கோ!” என்ற என் சத்தத்துக்குச் சுத்தியல் அந்தரத்திலேயே நின்றது. கையில் இருந்தது அதுவல்ல. உடைந்த குவியலைக் கிளறினேன். என் எழுத்துள்ள துண்டு அதில் இல்லை என்று தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. வரிசையில் மூன்றாவதாகக் கிடந்தது ‘சத்தம்’. அதைச் சால்வைக்குள் குழந்தையைப் போல் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காங்கேசன்துறைக்கு ஸ்கூட்டியை விட்டேன்.

கம்பிவேலி ஒரு பக்கம் சுருட்டிக் கிடந்தது. உள்ளே ஆளுயரப் பற்றை; நடுவில் ஒரு கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. அளக்கிறவர்கள் இரண்டு பேர் முன்வளவில் நின்றார்கள். குணம் அண்ணையின் ஓட்டோப் பின்சீற்றில் லப்ரொப்பை வைத்து டிஸ்கை மாட்டினேன். டக், டக். திறக்கவில்லை. கழற்றி மாட்டினேன். திறக்கவில்லை. நாலாம் தரம் ‘காணி’ என்ற போல்டர் தெரிந்தது. ஏழு பக்கம். முதலிரண்டும் வந்தன. மூன்றாம் பக்கம் வர மறுத்தது. எல்லைகள் எழுதியிருக்கிற பக்கம் அதுதான்! அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அம்மா, அடுத்த காணிக்குப் போகவேணும்” என்றார். குணம் அண்ணை ஓட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் டிஸ்கைக் கையில் எடுத்து, சரித்து, அசையாமல் பிடித்துக்கொண்டு திரும்ப முயன்றேன். சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பக்கம் வந்துவிட்டது. கிழக்கில் யாருடைய காணி, தெற்கில் எந்த ஒழுங்கை, எல்லாம் பழைய வட்டமான கையெழுத்தில். அலுவலர் குனிந்து வாசித்தார், தன் கோப்போடு ஒப்பிட்டார், “திங்கட்கிழமை அச்சுப்பிரதி கொண்டுவந்து தாங்கோ” என்றுவிட்டு நாடாவை விரிக்கச் சொன்னார். முதல் முளை அடித்த சத்தம் கேட்டபோதுதான் நான் சீற்றில் சரிந்து இருந்தேன். “என்னை மன்னியுங்கோ அண்ணை, நான் பாத்திருக்கோணும்” என்றேன். அவர் பற்றைக்குள் கிணற்றையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “முப்பது வருசம் முள்ளுக்கம்பி மறைச்சு வைச்சது பிள்ளை, நீ ஒரு கிழமைதானே மறைச்சனீ.”

இப்போதெல்லாம் யார் வந்து இடப்பக்கத்தைத் துப்புரவாக்கச் சொன்னாலும் மறைக்கிறதோ அழிக்கிறதோ என்று நான் மூன்று தரம் கேட்கிறேன், அவர்களும் மூன்று தரமும் “உங்களுக்குத் தெரியும்தானே பிள்ளை” என்றே சொல்கிறார்கள்.